பாண்டு போட்டுவிட்டு வேலையை விட்டால் போலீஸ் வருமா?

கேள்வி: ஒரு தனியார் நிறுவனத்தில் 8 மாதமாக வேலை செய்கிறேன். சேரும்போதே, 2 வருடம் இருப்பேன், நடுவில் போனால் பயிற்சிச் செலவாக 2 லட்சம் ரூபாய் தருவேன் என்று முத்திரைத்தாளில் பாண்டு (ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் ஒரிஜினலாக அவர்களிடம் இருக்கின்றன. தொகை எழுதாத காசோலை ஒன்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பயிற்சி என்று நடந்ததெல்லாம், சீனியர் பக்கத்தில் 2 வாரம் உட்கார்ந்து பார்த்ததுதான். இப்போது வேறு வேலை கிடைத்திருக்கிறது. விலகப் போகிறேன் என்றதும், "பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம், இந்த மாதச் சம்பளமும் கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் போலீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. மீதி 16 மாதமும் வந்து வேலை பார் என்று எந்த நீதிமன்றமும் உங்களுக்கு உத்தரவு போடாது. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 1963-இல் அதற்கு இடமில்லை. நிறுவனத்தால் முடிவது, நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவது.

சரி, அந்த 2 லட்சம்? "பாண்டெல்லாம் செல்லாது, தைரியமாக வெளியே வா" என்று நண்பர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். 3 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் அந்த வழக்கின் சங்கதி வேறு. அது பொதுத்துறை வங்கி; ஒருவர் போனால் மறுபடி விளம்பரம், தேர்வு, நேர்காணல் என்று வெளிப்படையாக ஆள் எடுக்க வேண்டும், அதற்குக் காலமும் பணமும் ஆகும் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

உங்கள் நிறுவனத்தின் நிலை அதுவல்ல. ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவுப்படி, பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உங்களுக்காக வெளியிலிருந்து பயிற்சியாளர் வந்தாரா, ஏதாவது கட்டணம் கட்டினார்களா, அதற்கு ரசீது இருக்கிறதா? சீனியர் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு 2 லட்சம் செலவு என்று காட்டுவது அவர்களுக்குச் சிரமம். நீங்கள் 8 மாதம் உழைத்துக் கொடுத்ததையும் எடுத்துச் சொல்லலாம். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று பாண்டில் ஒரு வரி இருந்தால், வேலையை விட்ட பிறகு அது உங்களைக் கட்டுப்படுத்தாது; 27-ஆவது பிரிவு பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது. ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பணி நியமனக் கடிதத்தில் சொன்ன நோட்டீஸ் காலம் முழுக்க வேலைக்குப் போங்கள். பாண்டு வழக்கில் தடுமாறும் நிறுவனங்கள்கூட நோட்டீஸ் காலச் சம்பளம் கேட்டால் எளிதாக ஜெயிக்கும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்தக் காசோலைதான். அவர்களே தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்கு வரலாம். அது குற்ற வழக்கு. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். வெற்றுக் காசோலை என்பதால் மட்டும் தப்ப முடியாது. வங்கியில் நிறுத்திவைக்கச் சொன்னாலும் வழக்கு வராமல் போகாது. அதனால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: இந்த எண்ணுள்ள காசோலை வேலையில் சேரும்போது பிணையாக வாங்கப்பட்டது, நான் உங்களுக்கு எந்தப் பணமும் தர வேண்டியதில்லை, திருப்பிக் கொடுங்கள். பின்னாளில் அந்த அனுமானத்தை உடைக்க இது உதவும். காசோலை திரும்பியதாக நோட்டீஸ் வந்தால் உங்களுக்கு 15 நாள்தான் அவகாசம். கவரைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாமல், அதற்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்பிவிட வேண்டும்.

சான்றிதழ் உங்கள் சொத்து. பாக்கிக்காகப் பிடித்து வைக்க அது விற்கக்கூடிய சரக்கு அல்ல என்று ஒரு கல்லூரி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நியாயம் உங்களுக்கும் பொருந்தும். என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு, 15 நாள் கெடு வைத்து எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு இருந்தால் நகலை இணையுங்கள். தராவிட்டால், பொருளை மீட்டுத் தரச் சொல்லி சிவில் வழக்குப் போடலாம். பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸிலேயே சான்றிதழ்கள் வீட்டுக்கு வந்துவிடும். சிலர் "தொலைந்துவிட்டது" என்று போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்குகிறார்கள். அது பொய்ப் புகார். உங்கள் பக்கம் இருக்கிற நியாயத்தை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளம்: 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ராஜினாமா செய்தவருக்கும் 2 வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்த்துவிட வேண்டும். எதற்கெல்லாம் பிடித்தம் செய்யலாம் என்று அதில் பட்டியல் இருக்கிறது; பாண்டுத் தொகை அதில் இல்லை. நிறுத்தி வைத்தால் தொழிலாளர் துறையில் கேளுங்கள். 3 வருடம் வரை மனுப் போடலாம். பாக்கிக்கு மேல் அதைப் போல 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

அனுபவச் சான்றிதழை இழுத்தடித்தால், புது நிறுவனத்திடம் விஷயத்தைச் சொல்லி, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரமும் பி.எஃப். பாஸ்புக்கும் காட்டுங்கள். பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். நீங்கள் பெண் என்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். போகும்போது பாண்டின் நகலையும் காசோலை எண்ணையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.