பீட விரிப்பு: அளவு, துணி, கறை – கேள்வி பதில்

கே: வீட்டில் 60க்கு 40 செ.மீ. பலகைதான் என் வழிபாட்டுப் பீடம். விரிப்புக்கு எவ்வளவு துணி வெட்டுவது?

ப: பக்கத்துக்கு 10 செ.மீ. தொங்கல், மடித்துத் தைக்க 2 செ.மீ. ஆக 84க்கு 64. வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். புதுப் பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கக்கூடும்; தைத்த பிறகு சுருங்கினால் நீளத்தில் 4 செ.மீ. வரை போய்விடும். குழந்தையோ பூனையோ உள்ள வீடா? தொங்கலே வேண்டாம். ஓர் இழுப்பில் விளக்கும் சேர்ந்து வரும்.

கே: பாலியஸ்டர் சாட்டின் கசங்குவதே இல்லை. போடலாமா?

ப: நெருப்பு வைக்காத பீடம் என்றால் தாராளமாக. ஊதுபத்தி ஏற்றுவீர்கள் என்றால் வேண்டாம். பாலியஸ்டர் ஏறக்குறைய 255 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பத்தியின் கனல் அதைவிடச் சூடு. துளி கனல் விழுந்தாலும் ஓட்டை, அதைச் சுற்றிக் கெட்டியான கறுப்பு விளிம்பு. நெருக்கமாக நெய்த கனத்த பருத்தியோ லினனோ உருகாது, கருகும். அதற்காக அவை தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் துணியானாலும் பத்திக்கும் மெழுகுவத்திக்கும் அடியில் விளிம்பு உயர்ந்த உலோகத் தட்டு வேண்டும். குஞ்சமும் லேஸும் சுடர்ப் பக்கமே வரக் கூடாது.

கே: சிவப்பு மெழுகு சொட்டியது. உடனே துடைத்தேன், இன்னும் பரவிவிட்டது!

ப: துடைத்ததுதான் தப்பு. உருகிய மெழுகு தேய்க்கத் தேய்க்க இழைக்குள் இறங்கும். இனி ஆறவிட்டு, துணியைப் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். மெழுகு நொறுங்கும் பதத்துக்கு வரும். கத்தி வேண்டாம், ஸ்பூன் விளிம்பால் பெயர்த்தெடுங்கள். இழைக்குள் போனதற்கு, கறையின் மேலும் கீழும் அச்சில்லாத பழுப்புக் காகிதம் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் ஐந்தாறு நொடி இஸ்திரி. காகிதம் எண்ணெய் பட்டதுபோல் ஆகும். ஒவ்வொரு முறையும் காகிதத்தை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சிய மெழுகே திரும்பத் துணியில் இறங்கும். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும். கடைசியில் நிற்கும் சிவப்பு மெழுகல்ல, சாயம். ரப்பிங் ஆல்கஹாலை (மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வெள்ளைத் துணியில் தொட்டு ஒற்றியெடுங்கள், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. உருகிய மெழுகைச் சிங்கில் மட்டும் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் உறைந்து அடைக்கும்.

கே: விளக்கின் எண்ணெய் ஊறிவிட்டால்?

ப: சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் தேய்த்துப் பத்து நிமிடம் கழித்து, துணி தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அலசுங்கள். கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி கூடாது. இதைவிட முக்கியம்: தாவர எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானே சூடேறி, தீப்பிடிக்கவும் கூடும். டிரையரில் காயவைத்துச் சூட்டோடு மடித்து அடுக்குவது அதைவிட மோசம். விரித்தே காயட்டும்.

கே: நிறத்துக்கு விதி உண்டா?

ப: உங்கள் மரபைப் பொறுத்தது. கத்தோலிக்கத் திருவழிபாட்டில் தவக்காலத்துக்கு ஊதா, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்துக்கு வெள்ளை. மரபு எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் இஷ்டம். ஆனால் அடர்நிறத்தில் ஈர வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால், பலகையில் கறை படியாமல் இருக்க அடியில் இன்னொரு துணி தேவை.

கே: சரிகைப் பட்டு விரிப்பு மடிப்பில் கிழிகிறது.

ப: ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அங்கேதான் ஒடியும். அட்டைக் குழாயில், சரிகை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்தித் துணியால் மூடி வையுங்கள். என்சைம் கலந்த சலவைத்தூள் பட்டுக்கு ஆகாது. பட்டும் புரதம்தான், புரதக் கறையை அரிக்கும் என்சைம் பட்டுத் துணியையும் அரிக்கும்.