எலி விழித்திருக்கிறது, கவனிக்கிறதா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எலியின் மூளையில் ஒற்றை நியூரானின், அதாவது நரம்பணுவின், மின்துடிப்பைப் பதிவு செய்ததாகப் படித்தேன். கோடிக்கணக்கான நியூரான்களில் அது இன்னதுதான் என்று எப்படித் தெரியும்?
- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, செங்காங்

பதில்: பாதி வேலை மின்முனையின் நுனியில் இருக்கிறது. நுனியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் காப்புப் பூச்சு பூசிய மெல்லிய டங்ஸ்டன் கம்பி அது. 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தால் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, அரை முதல் 1 மெகாஓம் வரை இருக்கவேண்டும். பூச்சு கீறி மறுப்பு குறைந்துவிட்டால் சந்தைக்கடை இரைச்சல்தான். பல நியூரான்கள் ஒன்றாகப் பேசும். கிடைத்த மின்சைகையை வினாடிக்கு 30,000 முறை அளந்து, 300 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, துடிப்புகளை வடிவம் பார்த்துப் பிரிப்பார்கள். ஒரு நியூரான் துடித்தபின் ஏறத்தாழ 1 மில்லிவினாடிக்குள் மறுபடி துடிக்க முடியாது. பிரித்த வரிசையில் அதைவிட நெருக்கமான துடிப்புகள் நிறைய இருந்தால் இரண்டு நியூரான்கள் கலந்துவிட்டன.

எந்த நியூரான் என்று அறிவது இன்னும் கடினம். விழிப்போடு நெருங்கிய தொடர்புள்ள லோகஸ் செருலியஸ், மூளைத்தண்டில் ஒரு சின்னத் திட்டு. எலியில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 நியூரான்கள்தான். மேலே பெரிய சிரை ஓடுவதால் எலியின் மூக்கைச் சுமார் 15 பாகை தாழ்த்தி மின்முனையை இறக்குவார்கள். சிரையைக் குத்திவிட்டால் இரத்தக்கசிவோடு அன்றைய வேலை முடிந்தது. எலியின் கீழ்த்தாடையை அசைக்கும்போது, துடிப்புகளை ஒலியாக்கும் ஒலிபெருக்கியில் சடசடவென்று கேட்டால், அது தாடைத்தசையின் உணர்வு நியூரான். இலக்கைவிட்டுச் சற்று வெளிப்புறமாக வந்துவிட்டோம். சரியான நியூரான், மயக்கத்திலுள்ள எலியில் வினாடிக்கு ஓரிரு முறைதான் துடிக்கும். துடிப்பின் வடிவமும் அகலமாக இருக்கும். பாதத்தைக் கிள்ளினால் சட்டென்று ஒரு சரம், உடனே அமைதி. குளோனிடின் என்ற மருந்தைக் கொடுத்தால் அடங்கிவிடும். கடைசியில் சிறு மின்னோட்டம் செலுத்தி நுனி நின்ற இடத்தில் தழும்பு வைத்து, மூளையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் சரிபார்க்கவேண்டும். இதைச் செய்யாத பதிவை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: விழிப்பும் கவனமும் ஒன்றுதானே? தேர்வு நாளில் மகனுக்குக் கோப்பி போட்டுத் தருகிறேனே!
- தந்தை, தோ பாயோ

பதில்: ஒன்றல்ல. லோகஸ் செருலியஸ் ஆழ்ந்த உறக்கத்தில் வேகம் குறைந்து, கனவு உறக்கத்தில் ஏறக்குறைய ஊமையாகி, விழிக்கும்போது மீண்டும் வேகம் பிடிக்கும். அது விழிப்பு. ஆனால் அந்த அடிப்படை வேகம் மிகவும் கூடினால் குரங்குகள் கவனம் சிதறித் தவறு செய்கின்றன. அடிப்படை வேகம் நடுத்தரமாக இருந்து, தேடும் அடையாளம் தோன்றும் கணத்தில் மட்டும் குபீரென்று துடித்தால் பணி நன்றாக நடக்கிறது.

கவனத்தை அளக்க, குரங்கு திரையின் நடுப்புள்ளியையே பார்த்திருக்கவேண்டும். பக்கத்தில் எப்போதும் ஒரே படத்தைக் காட்டி, அதைக் கவனிக்கும் சுற்றுகளையும் வேறிடத்தைக் கவனிக்கும் சுற்றுகளையும் ஒப்பிடுவார்கள். கவனிக்கும்போது மூளையில் பார்வையைக் கையாளும் புறணியின் வி4 என்ற பகுதியில் துடிப்புகள் கூடுகின்றன. இங்கே ஒரு கண்ணி உண்டு. மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் மூளை அசையும். மின்முனை மெல்ல விலகினால் துடிப்பு சிறுத்துக் கணக்கில் விடுபடும். அதைக் ‘கவனம் குறைந்தது’ என்று தவறாகப் படித்துவிடலாம். ஆகவே மின்முனையை இறக்கியபின் அரைமணி நேரமாவது பொறுத்து, இரண்டு வகைச் சுற்றுகளையும் மாற்றி மாற்றிக் கலந்து நடத்தவேண்டும். விழிப்பின் அளவைக் காட்டும் கண்பாவையின் விரிவையும் அளப்பதானால் திரையின் வெளிச்சம் மாறவே கூடாது; வெளிச்சத்துக்கும் பாவை மாறும்.

கேள்வி: எலிக்கு வலிக்காதா?
- வாசகி, பிடோக்

பதில்: மூளைத் திசுவில் வலி உணர்விகள் இல்லை. உச்சந்தோலிலும் மூளையுறையிலும் உண்டு. அதனால் அறுவை முழு மயக்கத்தில்தான் நடக்கவேண்டும். பிறகு வலிநிவாரணியும் கட்டாயம். சிங்கப்பூரில் 2004இல் வந்த தேசிய வழிகாட்டிகளின்படி, நிறுவனத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புதல் தராமல் இந்த வேலையைத் தொடங்கமுடியாது. எலிக்கு வலி இருந்தால் அதன் உறக்கமும் விழிப்பும் மாறிவிடும். அந்தப் பதிவு எதற்கும் உதவாது.