டாட் டேப்பில் பாட்டி குரல்

கேள்வி: சேர்வராயன் கோயில் திருவிழாவில் எங்கள் பாட்டி பாடியதைச் சித்தப்பா டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) மெஷினில் பதிவு செய்திருந்தார். ஒரிஜினல் தொலைந்துவிட்டது. அதிலிருந்து அவர் டிஜிட்டலாக எடுத்த காப்பி மட்டும்தான் இருக்கிறது. சிடி ரெக்கார்டரோடு இணைத்தால் பதிவு செய்ய மறுக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றினால் பாட்டியின் குரல் தாத்தா குரல் மாதிரி இழுக்கிறது. டேப் கெட்டுவிட்டதா?
– வாசகி, ஏற்காடு

பதில்: டேப் கெடவில்லை, பயப்படாதீர்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள்.

முதலாவது, எஸ்சிஎம்எஸ் என்ற பூட்டு. சிடி பாட்டுகளைக் காப்பிக்கு மேல் காப்பி எடுப்பதைத் தடுக்க, வீட்டு உபயோக டாட், மினிடிஸ்க், சிடி ரெக்கார்டர் மெஷின்களில் இதை வைத்தார்கள். டிஜிட்டல் காப்பி ஒரு தலைமுறைக்குத்தான். காப்பியிலிருந்து காப்பி எடுக்க விடாது. பாடியது உங்கள் பாட்டி என்று மெஷினுக்குத் தெரியுமா? அதனால் சொந்தப் பாட்டுக்கும் பூட்டுதான், இது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி ஆடியோ பெட்டிகள் பல, டேப்பில் இருக்கும் இந்தப் பூட்டுக் குறியைக் கண்டுகொள்வதில்லை, உங்களுடையதும் அப்படித்தான் போல. சிடி ரெக்கார்டரை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வேகம். டாட் பெரும்பாலும் ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக (சாம்பிள்) எடுக்கும், சிடிக்கு 44,100. நீங்கள் ஏற்றும்போது கம்ப்யூட்டரில் 44,100 என்று இருந்திருக்கும். அதனால் ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடத்துக்கு மேல் ஓடும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வர ஸ்தானம் இறங்கிவிடும், பாட்டி தாத்தா ஆகிவிடுவார். மறுபடி ஏற்ற வேண்டாம், ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் அந்த டிராக்கின் ரேட்டை மட்டும் 48,000 என்று மாற்றினால் குரல் திரும்பிவிடும். ஆனால் நடுநடுவே டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும், யூஎஸ்பி பெட்டியின் கிளாக்கை (மாதிரி எடுக்கும் தாளத்தை) டாட் மெஷினிலிருந்து எடுக்கும்படி வைத்து மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம், அதை 48,000-இலேயே வேவ் ஃபைலாக வையுங்கள், மணிக்கு சுமார் 690 எம்பி. சிடி வேண்டுமானால் தனியாக ஒரு பிரதியை 44,100-க்கு மாற்றிக்கொள்ளலாம், எம்பி3-யும் அப்படித்தான், மூலத்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. மெஷினை ஏற்காட்டுப் பனியிலிருந்து சேலத்துக்கு இறக்கினால் உடனே ஓட்டாதீர்கள். டேப்பைப் படிக்கும் உருளையான ஹெட் டிரம் குளிர்ந்திருப்பதால் அதில் ஈரம் படியும், டேப் அதில் ஒட்டிச் சுருண்டுவிடும். மெஷின் டியூ என்று ஈர எச்சரிக்கை காட்டினாலும் காட்டாவிட்டாலும், இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் டேப்பைப் போடுங்கள்.