மூன்று மணிக்கு அடுப்பு அணைந்திருக்கும்

கேள்வி: மே மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஒரு நாள் மாப்பிள்ளை காரில் கிளென்கோ மலைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப் போகிறார். வழியில் நிதானமாக 3 மணி வாக்கில் ஒரு கிராமத்து பப்பில் சாப்பாடு. நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பைண்ட் பியர். மனைவி சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. பருப்பு சூப் கிடைக்குமாம். பேரனுக்கு 8 வயது. திட்டம் சரிதானே?
– வாசகர், திருச்சி

பதில்: போகிற ஊர் சரி. மற்றதெல்லாம் கோளாறு.

முதலில் அந்த 3 மணி. பப் இரவு வரை திறந்திருக்கும், சமையலறை அப்படியில்லை. சிறிய ஊர் பப்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 முதல் 2 வரை, மிஞ்சினால் இரண்டரை. ஒரே சமையல்காரர் அதற்குப் பிறகு ராத்திரிக்கு ஆயத்தம் செய்யப் போய்விடுவார். அடுப்பு மறுபடி எரிய 5 மணி ஆகும். நடுவில் போனால் சிப்ஸ் பாக்கெட்டும் வறுத்த கடலையும்தான். நெடுஞ்சாலையோரப் பெரிய விடுதிகள் சில நாள் முழுக்கச் சமைக்கும், ஆனால் அதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நம்பலாம். ஞாயிறு என்றால் மேசையை முன்பதிவு செய்யாமல் கிளம்பவே வேண்டாம்.

பன்னிரண்டரைக்கு மேசையில் இருக்கிற மாதிரி புறப்படுங்கள். கிளென்கோ போகும் ஏ82 சாலையில் டார்பெட் ஊருக்கு வடக்கே லோமண்ட் ஏரிக்கரை குறுகலாக வளைந்து வளைந்து போகும். எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் ஊர்ந்துதான் போக முடியும். மேப் சொல்லும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஏரி முடிந்ததும் இன்வரார்னனில் 1705ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ட்ரோவர்ஸ் இன்' வரும். மாடு ஓட்டிப் போனவர்கள் தங்கிய இடம். வாசலில் பாடம் பண்ணிய கரடி நிற்கும், பேரனுக்கு அது போதும். அதைத் தவறவிட்டால் டின்ட்ரமில் சாப்பிட்டுவிடுங்கள். பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கி தாண்டினால் ரானக் மூர் சதுப்பு நிலம். கிங்ஸ்ஹவுஸ் ஹோட்டல் வரும்வரை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அடுத்து மாப்பிள்ளையின் பைண்ட். அதை வெட்டிவிடுங்கள். 2014 டிசம்பர் 5 முதல் ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால், இங்கிலாந்தில் 80. லண்டன்காரர்கள் சொல்லும் "ஒண்ணு அடிச்சா ஒண்ணும் ஆகாது" இங்கே செல்லாது. பைண்ட் என்பது 568 மில்லி. மாட்டினால் குறைந்தது 12 மாதம் உரிமம் போய்விடும். ஆல்கஹால் இல்லாத பியர் இப்போது பரவலாகக் கிடைக்கிறது, இல்லாவிட்டால் ஐயர்ன் ப்ரூ என்ற உள்ளூர் குளிர்பானம் இருக்கவே இருக்கிறது. நீங்கள் தாராளமாகக் குடிக்கலாம்.

உங்கள் திட்டத்திலேயே ஆபத்தானது அந்தப் பருப்பு சூப். ஸ்காட்லாந்துப் பாரம்பரியத்தில் அது பன்றிக்கால் எலும்பு போட்டுக் கொதிக்க வைப்பது. பார்லி மிதக்கும் ஸ்காட்ச் ப்ராத்தும் ஆட்டு அல்லது மாட்டு எலும்புச் சாற்றில்தான். "இறைச்சித் துண்டு இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட, "எந்த ஸ்டாக்?" என்று, அதாவது எதை வேகவைத்த சாறு என்று, கேளுங்கள். உருளை வறுவலைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், பல இடங்களில் மீன் பொரித்த அதே எண்ணெய். கிளூட்டி டம்ப்ளிங் என்ற இனிப்பிலும் மாட்டுக் கொழுப்பு உண்டு; ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கில் முட்டை.

அப்படியானால் உங்கள் மனைவிக்கு என்ன? சைவ ஹாகிஸ். ஆட்டு ஈரலும் நுரையீரலும் போட்டுச் செய்கிற பண்டத்தை எடின்பரோவின் மாக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் பயறு, ஓட்ஸ், விதைகளை வைத்துச் செய்து விற்கத் தொடங்கியது. மிளகுக் காரம் நம் நாக்குக்கு ஒத்துவரும். நீப்ஸ், டாட்டீஸ் எனும் மசித்த கிழங்குகளோடு வரும். மேலே ஊற்றும் விஸ்கி சாஸைத் தவிர்த்துவிடச் சொல்லுங்கள், அதிலும் ஸ்டாக் இருக்கலாம். நீங்கள் மீன் சாப்பிடுபவர் என்றால் கல்லன் ஸ்கின்க்: புகையிட்ட ஹாடக் மீன், உருளை, வெங்காயம், பால். பெயருக்குத்தான் சூப்; ரொட்டியோடு ஒரு கிண்ணம் போட்டால் வேறொன்றும் இறங்காது.

பேரனைக் கூட்டிப் போகலாம். குழந்தைகளை எந்தப் பகுதியில், எத்தனை மணி வரை அனுமதிப்பது என்பது ஒவ்வொரு பப்பின் உரிமத்தைப் பொறுத்தது. மேசையை முன்பதிவு செய்யும்போதே வயதைச் சொல்லிவிடுங்கள்.

உட்கார்ந்துகொண்டு சர்வரைத் தேடாதீர்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பாருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பானத்தைக் கையோடு வாங்கி வரலாம், சாப்பாடு மேசைக்கு வரும். பாரிலேயே காசு கொடுத்துவிட்டால் டிப்ஸ் கட்டாயமில்லை. மேசைக்கு வந்து ஆர்டர் எடுத்தால் 10 சதவீதம் வையுங்கள், பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.