உயிலில் உறவுமுறை எழுத வேண்டாம்

கேள்வி: வணக்கம் அக்கா. நானும் என் தோழியும் 14 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தோழி என்றால் எப்படிப்பட்ட தோழி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். ஜெலுத்தோங்கில் இருக்கும் வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, லோனும் பாதிப் பாதி. போன மாதம் அவளுக்கு ஆபரேஷன். பாரத்தில் கையெழுத்துப் போட பட்டர்வொர்த்திலிருந்து அவள் அண்ணனை வரச் சொன்னார்கள், நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தாய்லாந்தில் இப்போது சட்டப்படிக் கல்யாணம் பண்ணலாமாமே, ஹாட்யாய் போய்ப் பதிந்துவிட்டு வந்தால் இங்கே செல்லுமா? எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மற்றவர் கதி என்ன?
பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: செல்லாது. தாய்லாந்துச் சட்டம் 2025 ஜனவரி 23-இல் நடைமுறைக்கு வந்தது உண்மைதான். ஆனால் மலேசியக் குடிமக்கள் எந்த ஊரில் பதிந்தாலும், இங்குள்ள 1976 திருமணச் சட்டப்படி அவர்களுக்குத் தகுதி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள், ஆணும் பெண்ணுமாக இல்லாத திருமணம் செல்லாது என்று அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்கிறது. ஹாட்யாய் போய் டொம்யாம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதோடு சரி.

வீட்டுக்கு வருவோம். கிராண்டில், அதாவது வீட்டுப் பத்திரத்தில், இரண்டு பெயரும் இருப்பதால், ஒருவர் போனால் முழு வீடும் மற்றவருக்கு என்று நிறைய பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு முறை உண்டு, நம் தேசிய நிலச் சட்டத்தில் கிடையாது. அவரவர் பங்கு அவரவருடையது. உயில் இல்லாமல் போனால் 1958 பங்கீட்டுச் சட்டப்படி, கல்யாணமாகாத, பிள்ளையில்லாத ஒருவரின் பங்கு முழுக்க அப்பா அம்மாவுக்கு, அவர்களும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களுக்கு. அதாவது உங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் அந்த அண்ணன் பங்காளியாக வந்து நிற்கலாம். 14 வருஷம் ஒன்றாகப் பசியாறியதைச் சட்டம் கணக்கிலேயே எடுக்காது.

அதனால் உயில், இரண்டு பேரும் தனித்தனியாக. 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்க்கக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தச் சாட்சிகளும் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபூல்ஸ்கேப் தாளில் அழகாக எழுதி, ஒருவர் உயிலுக்கு மற்றவரும் பக்கத்து வீட்டு ஆண்ட்டியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாட்சி போட்டவருக்கு உயிலில் எழுதியது போய்ச் சேராது! உயில் நிற்கும், வீடு நழுவிவிடும். நல்ல வேளை, இருவரும் உயிரோடிருக்கும்போதே என்னிடம் காட்டினார்கள்.

உயிலில் அவர் உங்களுக்கு என்ன உறவு என்று எழுதத் தேவையே இல்லை. முழுப் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) நம்பர், போதும். குற்றவியல் சட்டத்தில் 'அநாகரிகச் செயல்' என்று தண்டிக்கும் 377டி பிரிவு இன்னும் இருக்கிறது, பெண்களையும் விட்டுவைக்காது, இரண்டு வருஷம்வரை சிறை. பிறகு கோர்ட்டுக்குப் போகப்போகிற ஒரு தாளில் உங்கள் கதையை ஏன் ஏற்ற வேண்டும்? இன்னொன்று, வீட்டில் நச்சரித்து உங்களில் யாருக்காவது கல்யாணம் செய்து வைத்துவிட்டால் பழைய உயில் அன்றோடு ரத்து. (இதெல்லாம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. முஸ்லிம்களுக்குக் கணக்கே வேறு.)

அப்புறம் இந்த நாமினி விஷயம், பலரும் சறுக்குவது இங்கேதான். இ.பி.எஃப்-இல் (ஊழியர் சேமநிதியில்) யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம், பணம் அவருக்கே சொந்தம். இன்ஷூரன்ஸில் அப்படி இல்லை. 2013 நிதிச் சேவைச் சட்டப்படி கணவன், மனைவி, பிள்ளை, அவர்கள் இல்லாதபோது பெற்றோர், இவர்கள் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுடையது. தோழி பெயரைப் போட்டால் அவர் பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகி மட்டும்தான், உயில் இல்லையென்றால் வாங்கிய கையோடு உங்கள் குடும்பத்திடம் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே பாலிசிப் பணத்தையும் உயிலில் பெயர் சொல்லி எழுதுங்கள், அல்லது பாலிசியின் உரிமையையே அவர் பெயருக்கு மாற்றி எழுதி அசைன்மெண்ட் செய்யுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏஜெண்ட் அம்மா பெயரைப் போட்டிருந்தால், பெரும்பாலும் அம்மாவின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக மருத்துவமனை. உங்கள் தோழி தெளிவாகப் பேசிக்கொண்டுதானே ஆபரேஷனுக்குப் போனார்? அப்படியானால் கையெழுத்து அவருடையதுதான், அண்ணனுடையது தேவையே இல்லை. அடுத்த முறை அவரே கேட்டு வாங்கிப் போடட்டும், விவரம் யாரிடம் சொல்லலாம் என்று உங்கள் பெயரையும் எழுதிக் கொடுக்கட்டும். சுயநினைவு இல்லாத நிலைமைதான் சிக்கல். தனக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்தால் ஆயிற்று என்பார்கள், ஆனால் எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனதும் அதுவும் போய்விடும். சிங்கப்பூரில் அதற்கென்றே தனிப் பத்திரம் இருக்கிறது, இங்கே இல்லை. என்ன சிகிச்சை வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டு ஃபைலில் வைக்கலாம், டாக்டர் மதிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் எதிரே நிற்கப் போவது அதே அண்ணன்தான். எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. ஆபரேஷனுக்குக் கூப்பிட்டதும் பாலம் தாண்டி வந்தவர், பேசிப் பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.