பிறந்த இரும்பின் கதிர்

கேள்வி: நாங்கள் உருக்கி வார்க்கிற இரும்பெல்லாம் வெடித்த நட்சத்திரங்களில் உண்டானது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அதை யார் பார்த்தார்கள்? எல்லாம் கணக்குத்தானே?
- ஃபவுண்டரி தொழிலாளி, கணபதி, கோவை.

பதில்: வார்ப்பைத் தட்டிப் பார்க்காமல் நம்பாத ஊரல்லவா, கேட்கத்தான் செய்வீர்கள். கணக்கு மட்டுமில்லை ஐயா, பார்த்தும் இருக்கிறார்கள்.

2014 ஜனவரி 21 அன்று லண்டனில் வானம் மூடிக்கொண்டு வந்தது. மேகம் மறைப்பதற்குள் எதையாவது பார்த்துவிடலாம் என்று ஓர் ஆசிரியரும் சில மாணவர்களும் எம்82 என்ற விண்மீன் மண்டலத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். அதில் ஒரு புதுப் புள்ளி! (நாற்பது பேரை வைத்துப் பாடம் நடத்திய எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் ஒரு வெள்ளைக் குள்ள நட்சத்திரம், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம், வெடித்திருந்தது.

இப்படி வெடிக்கும்போது முதலில் உண்டாவது இரும்பல்ல, நிக்கல்-56 என்ற, தானாகவே சிதைந்து வேறு தனிமமாகும் நிக்கல். ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட்-56 ஆகிவிடும். அந்தக் கோபால்ட்டில் பாதி இரும்பாவதற்கு 77 நாள் பிடிக்கும். அப்போது 847, 1238 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில், எக்ஸ் கதிரைப் போன்ற ஆனால் அதைவிட வலுவான காமாக் கதிர்கள் புறப்படும். அவற்றை உமிழ்வது, சரியாகச் சொன்னால், கோபால்ட்கூட அல்ல. அந்தக் கணம் பிறந்த இரும்பின் அணுக்கரு.

தொடக்கத்தில் வெடித்துச் சிதறிய பொருள் அடர்த்தியாக இருப்பதால் இந்தக் கதிர்களில் பெரும்பாலானவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். விரிந்து மெலிந்த பிறகுதான் தாராளமாக வெளியே வரும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இன்டெக்ரல் செயற்கைக்கோள், வெடித்த பிறகு 50ஆம் நாளிலிருந்து 100ஆம் நாள் வரை சேகரித்த பதிவுகளில் அதே இரண்டு ஆற்றல்களும் தெரிந்தன. காமாக் கதிரை வில்லையால் குவிக்க முடியாது. அதனால் குளிரூட்டிய 19 ஜெர்மானியம் உணரிகளுக்கு மேலே, டங்ஸ்டன் கட்டைகள் பதித்த மறைப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். தோப்பில் தென்னை நிழல் விழும் பக்கத்தை வைத்து வெயில் வரும் திசையைச் சொல்வோமே, அந்த வேலைதான். கதிரின் அளவிலிருந்து, உண்டான நிக்கல் சூரியனின் எடையில் சுமார் 0.6 பங்கு என்று தெரிந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பூமிகளின் எடை. பெரும்பாலும் அத்தனையும் இரும்பாகிவிடும்.

கேள்வி: ஊட்டி தொலைநோக்கியில் இது தெரிந்திருக்குமா?
- கல்லூரி மாணவி, மேட்டுப்பாளையம்.

பதில்: தெரியாது அம்மா. ஊட்டி பக்கத்து முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்பது ரேடியோ அலைக்கானது. ரேடியோ அலை காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வந்துவிடும். இந்தக் காமாக் கதிரைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடும். தொட்டபெட்டா உச்சியில் வைத்தாலும் பயனில்லை.