கிளஸ்டர் நிறுவும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

காட்பாடியில் உள்ள உங்கள் அலுவலகத்தில் 2 சர்வர்களை வைத்து பிராக்ஸ்மாக்ஸ் (ஒரு சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டர், அதாவது சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கூட்டு, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் மூன்றாவது ஓட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ஓட்டு, பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால்தான் அது முழுதாக இயங்கும். இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் மிச்சமிருப்பதற்குப் பெரும்பான்மை கிடைக்காது, அதில் புதிதாக எந்த விர்ச்சுவல் மெஷினையும் தொடங்கவோ அமைப்புகளை மாற்றவோ முடியாது. மூன்றாவது சர்வருக்குப் பணம் இல்லையா? பழைய டெஸ்க்டாப் ஒன்றில் கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடும் சிறிய மென்பொருள்) போட்டு அந்த ஓட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சர்வரின் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் அதன் பெயர்), நிலையான ஐபி முகவரி இரண்டையும் முதலிலேயே தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். கிளஸ்டரில் சேர்த்த பிறகு அவற்றை மாற்றுவது பெரும் தலைவலி. சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் கோரோசிங்க்குக்குத் தனி நெட்வொர்க் கார்டு, தனி ஸ்விட்ச் ஒதுக்குங்கள். அதற்கு 5 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். பேக்கப் ஓடும் அதே கேபிளில் விட்டால் தடுமாறும். டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போடுவதானால், டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ரெய்டு கார்டு கூடாது, டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். சர்வர் தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யுங்கள்.

சர்வர்களின் கடிகார நேரத்தைச் சரிபார்க்க மறந்துவிடாதீர்கள். ராணிப்பேட்டையில் நான் போட்ட ஒரு கிளஸ்டரில், கரண்ட் போய் வந்ததும் ஒரு சர்வர் மட்டும் சேரவே இல்லை. அரை நாள் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில் மதர்போர்டில் இருந்த காசு அளவு சிஆர்2032 பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. அதனால் சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் டிஜிட்டல் சான்றிதழ்களை அது ஏற்கவில்லை. பழைய சர்வர் என்றால் அந்த பேட்டரியை முதலில் மாற்றுங்கள், பிறகு எல்லாவற்றையும் சரியான நேரத்தைத் தரும் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்துவிடுங்கள்.

ஏசியும் யூபிஎஸ்ஸும் நம் வேலூர் வெயிலுக்கு அவசியம். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும்போது மூடிய அறையில் சர்வர் தாங்காது.